உருளும் சொத்து

ரயில் கம்பெனியிடம் கடலுக்கென்று
தனிப் பேரேடு கிடையாது.
ஆகவே உட்லண்ட்ஸ் துறையில் நின்ற நீராவிக் கப்பலையும்
சரக்குப் பெட்டி, எஞ்சின், கார்டு வேன் வரிசையில்
உருள்வண்டி என்றே எழுதினார் அம்பலவாணர்.
மானிப்பாய்க்காரர். எழுத்து
தண்டவாளத்தில் ஏற்றிவிட்டதுபோல் போகும்.

சக்கரங்கள் எத்தனை என்றொரு கட்டம்.
இரண்டு.
பொய்யில்லை. இடுப்பின் இருபுறமும்
பலகைத் துடுப்புகள் பூட்டிய
ஆளுயரத்துக்கு மேலான இரண்டு சக்கரங்கள்.
பாதையின் அகலம் என்றொரு கட்டம்.
அங்கே பேனா கொஞ்சம் நின்றிருக்கிறது,
மசி பொட்டாகப் பரவியிருக்கிறது.
பிறகு ஒரு சின்னக் கோடு.

நானும் கணக்கெழுதுகிறவள்தான்.
துவாஸில் பாரந்தூக்கிகளுக்கு வருடாவருடம்
தேய்மானம் கழிக்கிறேன்.
ஒளித்திரையில் இந்தப் பக்கத்தைக் கண்டபோது
அந்தக் கோட்டைத்தான் நெடுநேரம் பார்த்தேன்.

நிலக்கரி இத்தனை டன்.
சக்கரத்தில் சிக்கிய மீன்வலைக்கு நஷ்டஈடு
இரண்டு வெள்ளி.
மூடுபனியில் பதினெட்டு நிமிடத் தாமதம்,
விளக்கம் தந்தவர் சாராங்கு தாலிப்:
'ஜொகூர் தெரியவில்லை. காத்திருந்தேன்.'
கரிதள்ளி இருளாண்டி, உள்ளங்கை வெந்து
மூன்று நாள் வேலையில்லை, கூலியுமில்லை.

அந்த இருளாண்டிக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன்,
கம்பெனி போடாத கணக்கு.
ஒரு நடைக்கு முக்கால் மைல், நாளுக்குப் பன்னிரண்டு நடை,
வருடத்துக்கு முந்நூறு நாள், ஒன்பது வருடம்.
ஆறு முறை நாகப்பட்டினம் போய்த் திரும்பியிருக்கிறான்.
ஒரு முறையும் இறங்கவில்லை.
அடுப்பின் வாயைத் தவிர வேறெந்த ஊரையும்
சரியாகப் பார்த்திருப்பானா, தெரியாது.

கப்பல் அதிகம் சம்பாதித்தது
அதன் கடைசி வருடங்களில்தான்.
வரவுப் பத்தியில் எண்கள் திடீரென்று கொழுக்கின்றன.
பயணிகளால் அல்ல.
நீரிணையின் குறுக்கே கொட்டக் கருங்கல் வேண்டியிருந்தது.
கல்தோணிகளை இழுக்கக் கப்பலை
இரவு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.
பகலில் ஆள், இரவில் கல்.
தன் வழியைத் தானே தூர்த்தது என்று
நான் எழுதினால் அழகாக இருக்கும்.
அம்பலவாணர் எழுதியது:
'இதர வருமானம்.'

கல்மேட்டில் முதல் ரயில் போனது.
இருளாண்டியை எஞ்சினுக்கு மாற்றினார்கள்.
அதே கரி, அதே மண்வாரி.
ஒரு மாதத்தில் மனு கொடுத்திருக்கிறான்:
தரை ஆடவில்லை, தலை சுற்றுகிறது,
வேறு வேலை தரவும்.
பக்கத்தில் ஒரே சொல்: 'இல்லை.'

நேற்று அதே இடத்தில்
பேருந்துக்குள் நின்றபடி ஒன்றே முக்கால் மணி நேரம்.
கண்ணாடிக்கு வெளியே
மேற்குப் பக்கத்துத் தண்ணீர் கல்லை முட்டிவிட்டு
பிளாஸ்டிக் புட்டி ஒன்றோடு திரும்பிக்கொண்டிருந்தது.
ஜொகூர் நன்றாகவே தெரிந்தது.
முன்னால் நின்ற பையன் தோள்பையை
என் கால்மேல் வைத்துவிட்டுத் தூங்கினான்.
கப்பலுக்குப் பதினைந்து நிமிடம்.

ஏலத்தில் இடப்பக்கச் சக்கரம் மட்டும் முதலில் விலைபோனது.
வலப்பக்கத்துக்கு ஆள் வர ஆறு மாதம்.
அம்பலவாணர் நேர்மையானவர்.
அந்த ஆறு மாதமும், மாதம் தவறாமல்,
அந்தக் கட்டத்தில்
இரண்டை அடித்துவிட்டு
ஒன்று என்று எழுதியிருக்கிறார்.